பசி செத்துப்போன வயிறு: கேஸ் மாத்திரையா, மூச்சுப் பரிசோதனையா, எண்டோஸ்கோப்பியா?

இரண்டு மூன்று மாதமாக வயிறு மந்தம், மேல் வயிற்றில் ஒரு பாரம், இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்று ஒருவர் மருந்துக்கடையில் சொன்னால், கைக்கு வருவது அநேகமாக பான்டோப்ரசோல் 40 என்ற கேஸ் மாத்திரை அட்டை ஒன்றும் பசி டானிக் பாட்டில் ஒன்றும்தான். பத்து நாளில் சற்றுத் தேவலை என்று இருக்கும், நிறுத்தினால் பழைய கதை. நாள்பட்ட இரைப்பை அழற்சி (இரைப்பை உட்சுவரின் வீக்கம்) உள்ளவர்களின் பசியின்மைக்குச் செய்யக்கூடியவை பல: அமிலம் குறைக்கும் கேஸ் மாத்திரையைச் சில வாரம் போட்டுப் பார்ப்பது, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று சோதிப்பது, நேராக எண்டோஸ்கோப்பி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது), பசி தூண்டும் மருந்து. நான்குக்கும் இடம் உண்டு. ஆனால் வரிசை மாறினால் முதலில் செய்தது அடுத்ததைக் கெடுத்துவிடும். கேஸ் மாத்திரையை முதலில் ஆரம்பித்தால் கிருமிப் பரிசோதனை பொய் சொல்லும். பசி டானிக்கை முதலில் ஆரம்பித்தால் எடை ஏறி, எண்டோஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டிய அறிகுறியே மறைந்துபோகும்.

"பசி இல்லை" என்றால் என்ன?

இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு தொல்லைகள் இருக்கின்றன. மருத்துவரிடம் போகும் முன் தனக்கு இருப்பது எது என்று தெளிவுபடுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, சாப்பிட வேண்டும் என்ற நினைப்பே வராதது. வேளை தவறினாலும் வயிறு கேட்காது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனில் பெரும்பங்கு இரைப்பையின் மேல்பகுதிச் சுவரில்தான் சுரக்கிறது. 1999-ல் ஜப்பானில் கண்டறியப்பட்டது இது. அழற்சி பல ஆண்டு நீடித்து அந்தச் சுவர் மெலிந்துபோனால் கிரெலினும் குறைகிறது. ஆனாலும் இந்த வகைப் பசியின்மைக்கு வயிற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. காசநோய், மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் இதே முகத்தோடுதான் வரும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான டிஜாக்சின், இரும்புச்சத்து மாத்திரை, எடை குறைக்கப் போடும் செமாக்ளுடைடு ஊசி ஆகியவையும் பசியைக் கொல்லும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல் கூட இருந்தால் வயிற்றை விட்டுவிட்டு முதலில் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, பசித்து உட்கார்ந்தும் நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுவது. சாப்பாடு உள்ளே வரும்போது இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். அது தளராவிட்டாலும், சாப்பாடு மெதுவாக வெளியேறினாலும் இப்படி ஆகும். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டாவது காரணம் சகஜம்.

மூன்றாவது, பசி இருக்கிறது, சாப்பிட்டால் வலிக்குமே என்ற பயத்தில் அளவைக் குறைப்பது. இது பெரும்பாலும் புண் அல்லது பித்தப்பைக் கல் பக்கம் கைகாட்டும். புகைபிடிக்கும் முதியவர் ஒருவர் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கடும் வலி என்று சொல்லி இளைத்துக்கொண்டே போனால், குடலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைப்பையும் நினைக்க வேண்டும்.

கேஸ் மாத்திரை சரியாகப் பேசுவது மூன்றாவது வகையிடம். எரிச்சலும் வலியும் முன்னால் நிற்கும் வயிற்றுக்கு அது நன்றாக உதவும். சீக்கிரம் நிறைந்துவிடும் வயிற்றுக்கு உதவி குறைவு. முதல் வகைக்கு அநேகமாக ஒன்றுமில்லை.

யார் நேராக எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டும்

சிலருக்கு ஒப்பீடே தேவையில்லை. கறுத்த, தார் போல ஒட்டும், நாற்றமெடுக்கும் மலம், இரத்த வாந்தி, விழுங்கும்போது தடை, நிற்காத வாந்தி, காரணம் தெரியாத இரத்தசோகை, பெற்றோர் உடன்பிறந்தாரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்று, முயலாமலே ஆறு மாதத்தில் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைவு. இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுப் பார்க்கும் பேச்சுக்கு இடமில்லை. இரத்த வாந்தியோ கறுப்பு மலமோ என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரும்பு மாத்திரையும் பிஸ்மத் என்ற வயிற்று மருந்தும் மலத்தைக் கறுப்பாக்கும்தான், ஆனால் அது ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது.

5 சதவீதம் என்பது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. இது கண்ணுக்குத் தெரியாது. பேன்ட் தளர்ந்ததை வைத்துத்தான் பலர் கவனிக்கிறார்கள். ஒரே எடைமெஷினில், காலையில் மலம் கழித்த பின், வெறும் வயிற்றில், வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைப்பது பல பரிசோதனைகளைவிடப் பயனுள்ள தகவல்.

வயதும் ஒரு கணக்கு. அமெரிக்க வழிகாட்டுதல் 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக வயிற்றுத் தொல்லை வந்தால் எண்டோஸ்கோப்பி என்கிறது. பிரிட்டனில் 55 வயதோடு எடைக் குறைவும் சேர்ந்தால் அவசரமாகச் செய்கிறார்கள். இரைப்பைப் புற்று அதிகமுள்ள ஆசியப் பகுதிகளில் எல்லை 40, 45 என்று கீழே இறங்குகிறது. எங்கள் கருத்து: 50-ஐத் தாண்டியவருக்குப் புதிதாகப் பசி போய் மாதக்கணக்கில் திரும்பாவிட்டால், வேறு அபாய அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மூச்சு, மலம், இரத்தம்

அபாய அறிகுறி இல்லை, வயது குறைவு என்றால் முதல் அடி பைலோரி பரிசோதனைதான். நாள்பட்ட இரைப்பை அழற்சிக்கு உலகெங்கும் முதன்மைக் காரணம் இந்தக் கிருமி. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இதைக் கண்டு சொல்லி 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1994-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்று உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கண்டுபிடித்தால் ஒழிக்க வேண்டும் என்பதற்குப் பசியைத் தாண்டிய காரணம் அது.

மூச்சுப் பரிசோதனையில் யூரியா கலந்த ஒரு பானமோ கேப்சூலோ கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அதன் நொதி யூரியாவை உடைக்கும். அதிலிருந்து வரும் அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும். கார்பன்-13 வகையில் கதிரியக்கம் இல்லை, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதுதான். கார்பன்-14 கேப்சூலில் உள்ள கதிர்வீச்சு, ஒரு நாளில் இயற்கையாக நம் மேல் படுவதைவிடக் குறைவு. இருந்தாலும் இவ்விருவருக்கும் அதைத் தவிர்ப்பது வழக்கம். சரியாகச் செய்தால் இந்தப் பரிசோதனையின் துல்லியம் 95 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

அந்த "சரியாக" என்பதில்தான் கோட்டைவிடுகிறார்கள். பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், ஒமிப்ரசோல் வகை எதுவானாலும் நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் என்றால் நான்கு வாரம். அமிலம் குறைந்தால் கிருமியின் எண்ணிக்கை குறைந்து ஒளிந்துகொள்ளும், முடிவு "இல்லை" என்று வரும். இடையில் சளிக்கு மூன்று நாள் போட்ட அசித்ரோமைசினையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாரம் எரிச்சல் தாங்காவிட்டால் ஆன்டாசிட் சிரப் குடிக்கலாம், பரிசோதனை நாளில் மட்டும் வேண்டாம். நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. இதயத்துக்காக இரண்டு இரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர், முன்பு புண்ணில் இரத்தம் கசிந்தவர் போன்றோர் கேஸ் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் மல ஆன்டிஜென் பரிசோதனையும் ஏறக்குறைய அதே துல்லியம். மருந்து நிறுத்தும் விதிகளும் அவையே. மூச்சுக்கருவி இல்லாத ஊரில் இதுதான் நடைமுறை. ஒரு கடலையளவு மாதிரி போதும். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், தண்ணீராகப் போகும் நாளில் எடுக்கக் கூடாது. ஆய்வகத்தில் செய்யும் எலிசா முறை, கோடு பார்க்கும் அட்டையைவிட நம்பகமானது.

கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை இரத்தத்தில் பார்ப்பது எளிது, பல பரிசோதனைப் பேக்கேஜ்களில் சேர்த்தும் விடுகிறார்கள். கிருமி போய்ப் பல மாதம், சிலருக்குப் பல வருடம் ஆன பின்னும் அது "உண்டு" என்றே காட்டும். அந்த ஒரு தாளை வைத்து 14 நாள் ஆன்டிபயாட்டிக் தொடங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அண்மையில் இரத்தம் கசிந்தவருக்கும், இரைப்பைச் சுவர் மிகவும் மெலிந்தவருக்கும் மற்ற பரிசோதனைகள் தவறும் என்பதால் அவர்களிடம் மட்டும் இதற்கு மதிப்பு உண்டு.

கிருமி இருக்கிறது என்று வந்தால்

மருத்துவம் எளிதல்ல, பசி இல்லாதவருக்கு இன்னும் கடினம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்த்து நிற்கும் கிருமி 15 சதவீதத்துக்கு மேல் உள்ள இடங்களில், அது சேர்ந்த பழைய மூன்று மருந்துக் கிட் தோற்பது அதிகம். 2022-ன் ஐரோப்பிய ஒருமித்த பரிந்துரை அங்கே பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறையை முன்வைக்கிறது. 2024-ன் அமெரிக்க வழிகாட்டுதலும் அதையே முதலில் வைக்கிறது. அமிலக் குறைப்பான், பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரனிடசோல், 14 நாள். மெட்ரனிடசோல் வாயில் உலோகக் கசப்பைக் கொண்டுவரும், பசியை இன்னும் கெடுக்கும். சில நாளில் பலர் விட்டுவிடுவது இதனால்தான். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும், அடுத்த முறை தேர்வு சுருங்கும். ஆகவே வீட்டில் திருமணம், வெளியூர்ப் பயணம், தேர்வு எதுவும் இல்லாத இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுங்கள். பால், இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். மருந்து முடிந்து மூன்று நாள் வரை மது வேண்டாம். நாக்கும் மலமும் கறுத்தால் பயப்பட வேண்டாம், அது பிஸ்மத். கர்ப்பிணிக்கு இந்த முறை பொருந்தாது. கிளாரித்ரோமைசின் உள்ள கிட் எழுதியிருந்தால், கொழுப்புக்குச் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் பற்றி மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் முடிந்து நான்கு வாரம் கழித்து, கேஸ் மாத்திரை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பின், மூச்சு அல்லது மலப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே அதிகம்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். கிருமி ஒழிந்த மறுவாரமே பசி திரும்பும் என்பதில்லை. புண் இல்லாத மந்த வயிறுகளில் சுமார் 14 பேருக்குக் கிருமியை ஒழித்தால் ஒருவருக்குத்தான் அதனால் தனியாகக் குணம் கிடைக்கிறது என்பது ஆய்வுகளைத் தொகுத்துக் கிடைத்த கணக்கு. அந்தக் குணமும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்தே தெளிவாகத் தெரியும். புற்று அபாயம் குறைவது எல்லோருக்குமான லாபம்.

கேஸ் மாத்திரை: எப்போது, எப்படி

கிருமி இல்லை என்று வந்தவருக்கும், வலிநிவாரணி மாத்திரைகளால் அழற்சி வந்தவருக்கும், ஒழித்த பிறகும் எரிச்சல் தொடர்பவருக்கும் இது பொருத்தமான அடுத்த படி. பான்டோப்ரசோல் 40 அல்லது ஒமிப்ரசோல் 20, தினம் ஒன்று, நான்கு முதல் எட்டு வாரம். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு, உடைக்காமல்.

பசி இல்லாதவர்களிடம் இது தோற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. இந்த மருந்து, சாப்பாடு வந்து அமிலப் பம்புகள் வேலை செய்யும்போதுதான் அவற்றைப் பிடித்து அடைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு காபியோடு மதியம் வரை இருப்பவருக்குப் பெரும்பகுதி வீண். காலை உணவே முடியாது என்றால், ஒரு முட்டையோ ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சியோ எப்படியாவது உள்ளே போக வேண்டும். அதுவும் இயலாவிட்டால், மதியமோ இரவோ எது பெரிய சாப்பாடோ அதற்கு முன் மாத்திரையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

கூட்டு மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பான்டோப்ரசோலோடு டோம்பெரிடோன் இருந்தால், அது குமட்டலுக்குச் சில நாள் கொடுப்பது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் நாளுக்கு 30 மில்லிகிராம், பொதுவாக ஒரு வாரம் என்று எல்லை வைத்தது, காரணம் இதயத் துடிப்புக் கோளாறு. ரபிப்ரசோலோடு லெவோசல்பிரைடு இருந்தால் இன்னும் கவனம். முதியவர்களுக்குக் கை நடுக்கம், நடை இறுக்கம், பெண்களுக்கு மாதவிடாய் தவறுதல், மார்பில் பால் கசிதல் வரலாம். வயிற்றுக்குப் போட்ட மாத்திரையால் வந்த நடுக்கத்துக்கு நரம்பு மருத்துவரிடம் அலைவது அரிதான செய்தி அல்ல. பசி வருகிறது என்பதற்காக இவற்றை மாதக்கணக்கில் தாமாக வாங்கிப் போடுவது தவறு.

எட்டு வாரம் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்பைவிடப் பொங்கும். அதைப் பார்த்து "மருந்து இல்லாமல் முடியாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, இடையில் ஆன்டாசிட் வைத்துக்கொண்டால் சில வாரத்தில் அடங்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் பி12, மெக்னீசியம் குறையலாம்.

முற்றிலும் தவறான ஆளுக்கு இந்த மாத்திரை போவதும் உண்டு. உடலே தன் இரைப்பைச் செல்களைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் அழற்சியில் அமிலம் ஏற்கெனவே வறண்டிருக்கும். நாக்கு வழவழப்பாகி, கால் மரத்து, பி12-உம் இரும்பும் குறைந்து, பசியும் போன ஒருவருக்கு மேலும் அமிலத்தைக் குறைத்து என்ன ஆகப்போகிறது? பி12 அளவும் இரைப்பைச் செல் ஆன்டிபாடியும் பார்த்து, பி12-ஐ ஊசியாகவோ அதிக அளவு மாத்திரையாகவோ ஈடுசெய்தால் பசி தேறுவது இவர்களுக்குத்தான். தைராய்டு நோயோ வெண்புள்ளியோ உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும்.

எண்டோஸ்கோப்பி செய்தால் சொல்லிக் கேட்க வேண்டியவை

அபாய அறிகுறி உள்ளவருக்கு முதலிலும், மற்றவருக்கு மேற்சொன்னவை பலிக்காதபோதும் இது. குழாய் உள்ளே இருப்பது ஐந்து முதல் பத்து நிமிடம். தொண்டையில் மரப்பு ஸ்பிரே, வேண்டுமென்றால் மயக்க ஊசி. ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். திட உணவு இல்லாமல் குறைந்தது ஆறு மணி நேரம். சர்க்கரை நோயாளிகள் காலை முதல் இடத்தைக் கேட்டு வாங்கி, அன்றைய இன்சுலின் அளவை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இரத்தம் நீர்க்கும் மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம், சொல்லிவிட்டால் போதும். பார்க்க மட்டும் செய்யும் எண்டோஸ்கோப்பியில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் மிகக் குறைவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குடல்நோய்ப் பிரிவிலும் செய்கிறார்கள்.

"எல்லாம் பார்த்தாச்சு, லேசான சிவப்பு, ஆன்ட்ரல் காஸ்ட்ரைட்டிஸ்" (இரைப்பைக் கீழ்ப்பகுதி அழற்சி) என்று வரும் தாளை மட்டும் நம்பிப் பசியின்மைக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பும் மைக்ராஸ்கோப்பில் தெரியும் அழற்சியும் பல நேரம் ஒத்துப்போகாது. எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கும் அழற்சி இருக்கும். ஆகவே பரிசோதனைக்குச் சதை (பயாப்சி) எடுத்தார்களா, எங்கிருந்து என்பதுதான் கேள்வி. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, மேல் உடற்பகுதியில் இரண்டு என்று ஐந்து இடம் என்பது சிட்னி முறை. கீழ்ப்பகுதியில் மட்டும் ஒன்று கிள்ளி, கிருமிக்கான உடனடிச் சோதனையில் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தினால், கேஸ் மாத்திரை போட்டுவந்தவரின் கிருமி மேலே ஏறிப் போயிருக்கும், தப்பிவிடும். ஆட்டோஇம்யூன் வகையும் மேல்பகுதியில்தான் இருக்கும். இரைப்பைப் புண் இருந்தால் 8 முதல் 12 வாரத்தில் மறுபடி பார்த்து ஆறியதை உறுதி செய்ய வேண்டும். புற்றுப் புண்ணின் மேல்தோலும் அமிலம் குறைந்தால் தற்காலிகமாக மூடிக்கொள்ளும் என்பதே காரணம்.

எல்லாம் சரியாக இருந்து, வயிறு மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அது செயல்பாட்டுக் கோளாறு. சாப்பாட்டுக்கு முன் அகோடியமைடு 100, எடையும் குறைந்தவருக்கு இரவில் மிர்ட்டசாபின் போன்றவை குடல்நோய் மருத்துவர் கையில் இருக்கின்றன. பின்னது மனச்சோர்வு மருந்து என்று கடையில் சொல்வார்கள், அதற்காக மிரள வேண்டாம்.

பசி டானிக்கும் சூரணமும்

கடைப் பசி டானிக்குகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து. பசி வரும், தூக்கமும் வரும். நிறுத்தினால் கூடிய எடை அநேகமாக இறங்கும். கண் அழுத்த நோய், புராஸ்டேட்டால் சிறுநீர் அடைப்பு உள்ளவருக்கு ஆகாது. செரிமான நொதி சிரப்புகள் கணையம் நன்றாக உள்ளவருக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. சுக்கு, சீரகம், ஓமம் சில நாள் சாப்பிடலாம். இஞ்சி இரைப்பையைச் சற்று வேகமாகக் காலியாக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. எரியும் வயிற்றில் மிளகும் திப்பிலியும் தொந்தரவு. பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலச் சூரணம் சாப்பிட்டு மூன்றே நாளில் பேய்ப்பசி எடுத்து, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

பரிசோதனைகளுக்குக் காத்திருக்கும் வாரங்களில் கஞ்சியிலேயே காலத்தை ஓட்டக் கூடாது, புரதம் போய்விடும். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7. மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். சீக்கிரம் நிறையும் வயிற்றுக்கு எண்ணெயும் நெய்யும் வெளியேற்றத்தை மந்தமாக்கும், பருப்புக் கஞ்சி, மோர், பால் மாதிரித் திரவங்கள் சுலபமாக இறங்கும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையில் குடியுங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய டீ, காபியை நிறுத்திப் பாருங்கள். இதையெல்லாம் செய்தும் நான்கு வாரத்தில் எடை மேலும் ஒரு கிலோ இறங்கினால், மூச்சுப் பரிசோதனை முடிவு என்னவாக இருந்தாலும் எண்டோஸ்கோப்பிக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.